இரண்டு பீகா நிலத்துக்கு முன்: பல்ராஜ் சாஹ்னியின் தொடக்ககாலம்

இந்தித் திரைப்பட நடிகரின் வாழ்க்கை வரலாற்றினை எழுத முற்படுவோர் பெரும்பாலும் இருவகைப் போக்குகளையே கைக்கொள்வர். வறுமையிற் பிறந்த இளைஞனொருவன் பம்பாய் நகரின் வீதிகளில் அலைந்து, எதிர்பாராத வாய்ப்பொன்றினால் உச்சத்தை அடைந்தான் என அதிர்ஷ்டத்தை முதன்மைப்படுத்துவது ஒன்று. பிறவியிலேயே வாய்த்த திறமை ஒருநாள் வெளிப்பட்டேயாக வேண்டும் என்ற நம்பிக்கையின்பாற் பட்டது மற்றையது. இவ்விரு போக்குகளிலும் நடிகன் இருக்கிறான்; அவன் வாழ்ந்த காலம் இல்லை. பல்ராஜ் சாஹ்னியின் தொடக்ககால ஏற்றத்தாழ்வுகள் இவ்விரு சட்டகங்களுக்குள்ளும் அடங்க மறுப்பன. அவர் வறியவரல்லர், செல்வ வணிகரின் மகன். பிறவி நடிகரும் அல்லர். கமராவின் முன்னிலையில் உடல் விறைத்து நின்றதனைத் தமது தன்வரலாற்றிலே தாமே எழுதிவைத்தவர். 1953இல் 'தோ பீகா ஜமீன்' என்னும் படம் வெளிவந்து அவரது பெயரை நிலைநிறுத்தியபோது அவர் நாற்பது வயதை எட்டியிருந்தார். ஏனைய கதாநாயகர்கள் தமது புகழின் நடுப்பகுதியில் இருக்கும் வயது அது.

அதற்கு முற்பட்ட பதினைந்து, பதினாறு ஆண்டுகள் மேலோட்டமாக நோக்குமிடத்து ஓர் அலைச்சலாகவே தோன்றும். வணிகம், பத்திரிகை, ஆசிரியத் தொழில், காந்தியடிகளின் ஆசிரமம், இலண்டன் வானொலி, மக்கள் அரங்கு, சிறைச்சாலை, திரைக்கதை எழுத்து என ஒன்றைவிட்டு ஒன்றைப் பற்றிய வாழ்க்கை அது. ஆயின், இவ்வலைச்சலினூடே ஒரே வினா தொடர்ந்து ஒலிப்பதனைக் காணலாம். ஆங்கிலக் கல்வியினால் தன் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒருவன், அம்மக்களிடம் மீண்டு செல்வது எங்ஙனம் என்பதே அவ்வினா. அவரது நடிப்பின் சிக்கலும் இதுவே. அவரது வாழ்க்கையின் சிக்கலும் இதுவே.

பல்ராஜ் சாஹ்னி 1913ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி, இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யுதிஷ்டிரர். தந்தையார் துணி இறக்குமதி வணிகர். ஆரிய சமாஜத்தின் கொள்கைகளில் ஆழ்ந்த பற்றுடையவர். பின்னாளில் இந்தியின் தலைசிறந்த நாவலாசிரியருள் ஒருவராகத் திகழ்ந்த பீஷ்ம சாஹ்னி இவரது இளைய சகோதரர். லாகூர் அரசாங்கக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலப் பஞ்சாபிலே அக்கல்லூரி ஆட்சியாளரின் மொழியையும் நடையுடை பாவனைகளையும் பயிற்றும் களமாக விளங்கியது. அங்கு பயின்று வெளிவந்தவர்க்கு அரசாங்க உத்தியோகமோ, சட்டத்துறையோ, குடும்ப வணிகமோ காத்திருந்தது. சாஹ்னி குடும்ப வணிகத்துக்கே திரும்பினார். எனினும் அதில் நிலைக்க அவரால் இயலவில்லை. 1936இல் தமயந்தியை மணந்துகொண்ட அவர், சிறிது காலத்திலேயே ராவல்பிண்டியை விட்டு நீங்கினார். லாகூரிலே பத்திரிகை முயற்சியொன்றில் ஈடுபட்டுத் தோல்வி கண்டபின், 1937 அளவில் வங்காளத்தின் சாந்திநிகேதனத்தை அடைந்து ஆசிரியரானார்.

சாந்திநிகேதனத்தில் நிகழ்ந்த உரையாடலொன்று அவரது வாழ்வில் நீண்டகாலத் தாக்கத்தை ஏற்படுத்தியது. இளம் ஆசிரியர் இந்தியிலே சிறுகதைகள் எழுதிவருவதாகக் கூறியபோது, தாய்மொழியாகிய பஞ்சாபியில் ஏன் எழுதவில்லை என்று தாகூர் வினவினார். பஞ்சாபியை இலக்கியத்துக்குரிய மொழியாகக் கருதும் பழக்கம் லாகூர்ப் பட்டதாரிக்கு இருக்கவில்லை. இந்தி நாடளாவிய மொழி, அதில் எழுதுவதே பொருத்தம் என்பது அவர் எண்ணம். அன்று அவர் தாகூரின் கருத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளின் பின்னரே அவர் குருமுகி எழுத்தைப் பயின்று பஞ்சாபியில் எழுதத் தொடங்கினார். ஒருவன் தன் மக்களின் வாழ்வைச் சொல்ல முனையும்போது முதலிற் கடக்கவேண்டிய தூரம் தன்னுள்ளேயே இருக்கிறது என்பதனை அவ்வினா சுட்டிற்று. அத்தூரத்தை அவர் உணர்ந்தார். கடக்கும் வழியை அறிந்தாரில்லை.

1938இல் அவர் சேவாகிராமத்துக்குச் சென்றார். தாய்மொழி வழியாகவும் கைத்தொழில் வழியாகவும் கல்வி புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டம் காந்தியடிகளின் வழிகாட்டலில் அப்பொழுதுதான் உருப்பெற்றுக் கொண்டிருந்தது. அவ்வியக்கத்தின் ஏட்டுப் பணியில் சாஹ்னி ஏறத்தாழ ஓராண்டு காலம் ஈடுபட்டார். அங்கிருந்து, காந்தியடிகளின் ஆசியுடனேயே, பி. பி. சி. நிறுவனத்தின் இந்தி ஒலிபரப்பில் அறிவிப்பாளராகப் பணியாற்ற இலண்டனுக்குப் புறப்பட்டார்.

ஆசிரமத்தின் குடிசையிலிருந்து பேரரசின் ஒலிபரப்பு நிலையத்துக்குச் சென்ற இம்மாற்றம் முரண்பாடுடையது என்பதில் ஐயமில்லை. 1942 ஓகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் இந்தியாவிலே வெடித்தபோது, காந்தியடிகளின் அருகிலிருந்து பணிபுரிந்தவர் இலண்டனிலிருந்து ஒலிபரப்பிக் கொண்டிருந்தார். ஆயினும் போர்க்கால இலண்டன் அவருக்கு வேறொரு பள்ளியாகவும் அமைந்தது. ஜோர்ஜ் ஓர்வெல் 1941 முதல் 1943 வரை அந்நிறுவனத்தின் கீழைத்தேயப் பிரிவிற் பணியாற்றினார். முல்க் ராஜ் ஆனந்த் அப்பிரிவின் நிகழ்ச்சிகளிற் பங்குபற்றினார். இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்துவும் அவற்றிலே கலந்துகொண்டவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. குண்டுவீச்சுக்கு இலக்கான அந்நகரில் சாஹ்னி மார்க்சிய நூல்களைக் கற்றார். சோவியத் திரைப்படங்களைப் பார்த்தார். உழைக்கும் மனிதன் திரையிலே கேலிப்பொருளாகவோ இரக்கத்துக்குரியவனாகவோ மட்டுமன்றி, வரலாற்றின் நாயகனாகவும் தோன்றலாம் என்பதனை அப்படங்கள் அவருக்குக் காட்டின. வானொலிப் பணியும் வீண்போகவில்லை. குரலை உயர்த்தாது, எதிரே இருக்கும் ஒருவருடன் உரையாடுவதுபோற் பேசும் பயிற்சியை அது அவருக்கு அளித்தது.

இப்பயிற்சியின் பெறுமதியை அறிய வேண்டுமாயின், அக்கால இந்தித் திரைப்படத்தின் நிலையை நோக்குதல் வேண்டும். 1931இல் முதலாவது பேசும்படம் வெளிவந்த நாள்முதல் இந்தித் திரைப்படம் பார்சி நாடக மேடையின் மரபினைப் பெரிதும் தழுவி நின்றது. உரத்த வசனம், பெரிய அங்க அசைவு, பாடலுக்கேற்ற பாவனை என்பன நடிப்பின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டன. போர்க்காலத்தில் இத்துறையின் பொருளாதாரமும் மாறத் தொடங்கியது. மாதச் சம்பளத்துக்கு நடிகரையும் கலைஞரையும் வைத்திருந்த பெரும் படப்பிடிப்பு நிலையங்கள் தளர்வுற்றன. போர்க்கால இலாபத்தினாற் பெருகிய கணக்கில் வராத பணம் துறையினுள்ளே பாய்ந்தது. படந்தோறும் கூலி பேசும் நட்சத்திர முறை வலுப்பெற்றது. மெலிந்த தோற்றமும், தாழ்ந்த குரலும், முப்பது வயதைக் கடந்த முகமும் உடைய புதியவரொருவருக்கு இச்சந்தையில் இடம் கிடைப்பது எளிதன்று.

போரின் பிற்பகுதியில் சாஹ்னி தாயகம் திரும்பினார். லாகூர்க் கல்லூரி நாட்களின் நண்பரான சேத்தன் ஆனந்த், தாம் எடுக்கவிருந்த 'நீசா நகர்' என்னும் படத்தில் நடிக்குமாறு அவரையும் தமயந்தியையும் பம்பாய்க்கு அழைத்தார். படத்துக்குப் பணம் திரட்டுவது தாமதமாயிற்று. இறுதியில் அப்படம் வேறு நடிகர்களைக் கொண்டே உருவாகியது. 1946இல் கான் திரைப்பட விழாவில் உயர் பரிசையும் பெற்றது. எப்படத்தை நம்பிப் பம்பாய் வந்தாரோ அப்படம் உலகப்புகழ் எய்தியபோது, அதில் அவர் இல்லை.

ஆயின் அவ்விடைக்காலத்தில் அவர் வேறோர் இடத்தைக் கண்டுகொண்டார். இந்திய மக்கள் நாடக மன்றம் 1943 மே மாதத்தில் பம்பாயில் அமைக்கப்பட்டிருந்தது. பாசிச எதிர்ப்பு, விடுதலைப் போராட்டம், வங்காளப் பஞ்சம் ஆகிய மூன்றும் கலைஞரை ஒன்றுதிரட்டிய காலம் அது. சாஹ்னி அதனுட் புகுந்து, குவாஜா அகமது அப்பாஸின் 'ஜுபைதா' நாடகத்தை நெறிப்படுத்தினார். அம்மன்றத்தின் பணி பெரும்பாலும் ஊதியமற்ற பணியாகும். மாறாக, பிரித்விராஜ் கபூரின் நாடகக் குழுவிற் சேர்ந்த தமயந்தி 'தீவார்' நாடகத்தின் மூலம் பெரும் புகழ் ஈட்டினார். குடும்பத்தில் அறியப்பட்ட கலைஞர் அப்பொழுது அவரே, சாஹ்னி அல்லர்.

1946இல் அம்மன்றம் 'தர்த்தி கே லால்' என்னும் படத்தைத் தயாரித்தது. 'மண்ணின் மைந்தர்' என்பது அதன் பொருள். பிஜன் பட்டாச்சார்யாவின் நாடகங்களையும் கிருஷன் சந்தரின் கதையொன்றையும் அடியாகக்கொண்டு அப்பாஸ் அதனை நெறிப்படுத்தினார், ரவிசங்கர் இசையமைத்தார். ஏறத்தாழ 30 இலட்சம் உயிர்களைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சமே அதன் பொருள். நிலத்தை இழந்து கல்கத்தாவுக்கு நடந்துசெல்லும் உழவர் குடும்பத்தினராகச் சாஹ்னியும் தமயந்தியும் தோன்றினர். பின்னர் சோவியத் நாட்டிலும் திரையிடப்பட்ட இப்படம் இந்தியாவிலே வணிக வெற்றி பெறவில்லை. எனினும், ஏழாண்டுகளின் பின்னர் இன்னொரு படத்தின் வாசலை அவருக்குத் திறந்துவிடப் போவது இத்தோல்வியே.

அடுத்த ஆண்டு அவரது வாழ்க்கையில் எல்லாத் திசைகளிலும் இடி விழுந்த ஆண்டு. 1947 ஏப்பிரலில் தமயந்தி காலமானார். அதே ஆண்டில் நாடு பிரிக்கப்பட்டது. ராவல்பிண்டி அயல்நாட்டு நகராயிற்று. பிறந்த மண்ணும் தந்தையாரின் வீடும் எல்லைக்கு அப்பாற் சென்றன. நிலம் இழந்தவனின் துயரை 1946இல் வேடமாக அணிந்தவர், ஓராண்டினுள் தாமே ஊர் இழந்தவரானார். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. படித்தவனுக்கு ஊர் போனாலும் தொழில் எஞ்சும். உழவனுக்கு நிலம் போனால் எதுவும் எஞ்சுவதில்லை. இவ்வேறுபாட்டைச் சாஹ்னி மறந்தாரல்லர் என்பதற்கு அவரது பிற்கால நடிப்பே சான்று.

சுதந்திரத்தின் பின்னர் அரசியற் சூழ்நிலை விரைந்து மாறிற்று. 1948இல் கல்கத்தாவிற் கூடிய மாநாட்டின் பின் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி தீவிரப் போராட்டப் பாதையை மேற்கொண்டது. அரசாங்கம் கடும் அடக்குமுறையினால் அதனை எதிர்கொண்டது. மக்கள் நாடக மன்றமும் இவ்விரண்டுக்குமிடையிற் சிக்கித் தளர்ந்தது. வேறுபட்ட கருத்துடைய கலைஞர் பலரும் ஒருங்கே நின்ற பரந்த மேடை ஒடுங்கலாயிற்று. 1949இல், ஊர்வலமொன்றிற் கலந்துகொண்டமையைத் தொடர்ந்து சாஹ்னி கைதுசெய்யப்பட்டுப் பம்பாய் ஆர்தர் வீதிச் சிறையில் வைக்கப்பட்டார்.

அவ்வேளையில் அவர் கே. ஆசிப் தயாரித்த 'ஹல்சல்' என்னும் படத்தில் ஒப்பந்தமாகியிருந்தார். திலீப் குமாரும் நர்கிஸும் அதன் முதன்மை நடிகர்கள். சாஹ்னிக்கு வாய்த்ததோ சிறையதிகாரி வேடம். தயாரிப்பாளர் அதிகாரிகளிடம் சிறப்பு அனுமதி பெற்றார். கைதி காலையிற் சிறையினின்று படப்பிடிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்படுவார். அங்கே சிறையதிகாரியின் உடையை அணிந்து நடிப்பார். மாலையில் மீண்டும் கைதியாகச் சிறைக்குத் திரும்புவார். இது சுவையான செய்தியாகவே வழக்கமாக எடுத்துரைக்கப்படுகின்றது. ஆயின் இதனுட் பொதிந்துள்ள உண்மை கசப்பானது. எந்த அரசாங்கம் அவரை ஆபத்தானவரெனச் சிறையிட்டதோ, அவ்வரசாங்கத்தின் சீருடையைத் திரையில் அணிவதே அவரது பிழைப்பாயிற்று. வணிகத் திரைப்படத்துக்கும் கொள்கைக்கும் இடையே ஒரு கலைஞன் எவ்வாறு இரு கூறாகப் பிளவுபடுகிறான் என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

சிறையினின்று மீண்டபின் 1951ஆம் ஆண்டு அவருக்கு இருவகையில் ஏற்றம் தந்தது. முதலாவது ஏற்றம் எழுத்தினால் வந்தது. குரு தத் நெறிப்படுத்திய முதற்படமான 'பாஜி'யின் திரைக்கதையையும் உரையாடலையும் சாஹ்னி எழுதினார். தேவ் ஆனந்தைக் கதாநாயகனாகக் கொண்ட அச்சூதாட்டக் கதை பெருவெற்றி பெற்றது. பம்பாயில் பஸ் நடத்துநராக இருந்த ஓர் இளைஞரின் வேடிக்கைப் பேச்சைக் கண்டு, அவரைக் குரு தத்தின் முன் குடிகாரனாக நடித்துக்காட்டச் செய்தவரும் சாஹ்னியே. ஜோனி வாக்கர் என்னும் பெயரில் இந்தித் திரையின் தலைசிறந்த நகைச்சுவை நடிகராக அவ்விளைஞர் பின்னர் விளங்கினார். பிறரிடமுள்ள நடிப்பாற்றலை உடன் இனங்கண்டவர் தம்மிடமுள்ளதை வெளிக்கொணர மாட்டாது தவித்தமை வியப்புக்குரியது.

இரண்டாவது ஏற்றம் 'ஹம் லோக்' என்னும் படத்தால் வந்தது. 'நாங்கள்' எனப் பொருள்படும் இப்படத்தை ஜியா சர்ஹதி நெறிப்படுத்தினார். வேலையின்மையால் நொறுங்கும் நகரக் கீழ்மத்தியதரக் குடும்பமொன்றின் மகனாகச் சாஹ்னி நடித்தார். படப்பிடிப்பின் தொடக்க நாட்களில் கமராவைக் கண்டதும் அவர் அச்சத்தால் உறைந்தார். வசனம் தொண்டையில் நின்றது. தம்மை நீக்கிவிடுமாறு வேண்டுமளவுக்கு அவர் தளர்ந்துபோனார். மேடையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் முன் தயக்கமின்றிப் பேசியவர் ஓர் இயந்திரத்தின் முன் அஞ்சியது ஏன்? மேடையில் அவர் தம்முடைய கருத்தை எடுத்துரைத்தார். கண்ணெதிரே கேட்போர் இருந்தனர். கமராவோ கருத்தைக் கேட்பதில்லை, உடலையே பார்க்கின்றது. கருத்தளவில் மக்களோடு ஒன்றியவரது உடல் இன்னும் லாகூரிலும் இலண்டனிலும் பழகிய உடலாகவே இருந்தது. அவ்விடைவெளியைக் கமரா கண்டுகொள்ளும் என்பதே அவ்வச்சத்தின் அடியிற் கிடந்ததெனக் கொள்ளலாம். நகரத்துப் படித்த இளைஞனின் வேடமாகையால் 'ஹம் லோக்'கில் அவர் அதனை ஒருவாறு கடந்தார். படமும் நன்கு ஓடியது. கிராமத்து உழவனை மீண்டும் உருவாக்கும் சோதனை அவருக்கு இன்னும் காத்திருந்தது.

அச்சோதனையைக் கொணர்ந்தவர் பிமல் ராய். கல்கத்தா நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி நெறியாளராக உயர்ந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்தவர் அவர். 1952 ஜனவரியில் பம்பாயில் நடைபெற்ற முதலாவது சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'சைக்கிள் திருடர்' முதலான இத்தாலியப் படங்கள் அவரை ஆழமாகப் பாதித்தன. சலில் சௌதுரியின் கதையொன்றை ஹிருஷிகேஷ் முகர்ஜி திரைக்கதையாக்கினார். நிலத்தை மீட்பதற்காகக் கல்கத்தாவுக்குச் சென்று கை றிக்ஷா இழுக்கும் சம்பு என்னும் உழவனின் கதை அது. அவ்வேடத்துக்குச் சாஹ்னி தம்மைக் காணவந்தபோது பிமல் ராய் ஏமாற்றமடைந்தார். மேனாட்டு உடையும் நாகரிகத் தோற்றமும் கொண்டு நின்ற அம்மனிதரில் உழவனை அவராற் காண முடியவில்லை. ‘தர்த்தி கே லால்’ படத்தில் உழவனாக நடித்திருப்பதைச் சாஹ்னி எடுத்துக்கூறிய பின்னரே அவர் இணங்கினார்.

சாஹ்னி இம்முறை தமது கல்வியை நம்பவில்லை. பம்பாயின் வடபகுதியிலுள்ள ஜோகேஸ்வரியிலே, எருமைகளை வைத்துப் பால் வியாபாரம் செய்த வடநாட்டுக் கிராமத்தவரின் குடியிருப்புக்கு அவர் நாள்தோறும் சென்றார். அவர்கள் அமரும் முறை, நடக்கும் முறை, துண்டைத் தலையிற் கட்டும் முறை, உண்ணும் முறை யாவற்றையும் கூர்ந்து நோக்கினார். பின்னர் கல்கத்தாவில், றிக்ஷா இழுப்போரிடம் பயின்று, கொதிக்கும் வீதியிலே வெறுங்காலுடன் றிக்ஷா இழுத்தார். அவ்வளவும் செய்தும் வேடம் கைகூடாதெனவே அவருக்குத் தோன்றியது. வெளித்தோற்றம் அமைந்தது; உள்ளம் அமையவில்லை.

அந்நிலையில் அவரைக் கண்ட நடுவயதுடைய றிக்ஷாக்காரர் ஒருவர் என்ன நடக்கிறது என்று வினவினார். சாஹ்னி படத்தின் கதையைக் கூறினார். பீகாரிலிருந்து வந்திருந்த அம்மனிதரின் கண்கள் கலங்கின. அது தம்முடைய கதையே என்றார் அவர். தமது சிறு நிலம் நிலப்பிரபுவிடம் ஈடாகிப் பல்லாண்டுகள் கழிந்தும், அதனை மீட்பதற்காகவே றிக்ஷா இழுத்துக்கொண்டிருந்தார் அவர். அதன்பின், நடிப்புக் கலை பற்றித் தாம் கற்ற கொள்கைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அம்மனிதரின் உள்ளத்தினுட் புகவே முயன்றதாகச் சாஹ்னி எழுதியுள்ளார். சம்புவின் முகத்திலே காணப்படும் ஆரவாரமற்ற துயரம் அம்முயற்சியின் விளைவாகும். பார்சி மேடையின் உரத்த குரலை அத்துயரம் வேண்டவில்லை.

படத்தின் கதையும் அக்கால வரலாற்றோடு பிணைந்தது. பீகா என்பது வங்காள அளவைப்படி ஏறத்தாழ ஓர் ஏக்கரின் மூன்றிலொரு பங்கு. இரண்டு பீகா எனின் ஓர் ஏக்கருக்கும் குறைவு. தொழிற்சாலை அமைக்க விரும்பும் நிலப்பிரபுவுக்கு அத்துண்டு நிலம் தேவையாகின்றது. 65 ரூபாவெனச் சம்பு எண்ணியிருந்த கடன் நிலப்பிரபுவின் கணக்கேட்டில் 235 ரூபாவுக்கும் மேலாக வளர்ந்துள்ளது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஏடே எதிரி. நீதிமன்றம் மூன்று மாதத் தவணை கொடுக்கின்றது. பெருநகரில் அவன் உழைத்தும், சிறுவனாகிய மகன் சப்பாத்துத் துடைத்தும் பணம் சேரவில்லை. ஊர் திரும்பும்போது அவன் நிலத்திலே தொழிற்சாலை எழுந்துகொண்டிருக்கின்றது. ஒரு பிடி மண்ணை எடுக்கும் சம்புவைக் காவற்காரன் திருடனெனச் சந்தேகிக்கிறான். அவன் அம்மண்ணையும் கீழே விடுகிறான். பீகாரில் 1950இலும் மேற்கு வங்காளத்தில் 1953இலும் நிலப்பிரபுத்துவ ஒழிப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் பிறந்துகொண்டிருந்த அதே காலத்தில், சட்டத்தினாற் காக்கப்படாத ஒருவனின் கதையை இப்படம் கூறிற்று. தொழில்மயமாக்கம் முன்னேற்றத்தின் மறுபெயராகக் கருதப்பட்ட ஆண்டுகளில், அம்முன்னேற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்று அது கேட்டது.

'தோ பீகா ஜமீன்' 1954இல் கான் விழாவிற் சர்வதேசப் பரிசைப் பெற்றது. அவ்வாண்டு தொடங்கப்பட்ட பிலிம்பேர் விருதுகளில் சிறந்த படத்துக்கும் சிறந்த நெறியாளருக்குமான விருதுகளையும் ஈட்டியது. சாஹ்னியின் இடம் உறுதியாயிற்று. 'சீமா', 'காபூலிவாலா' முதலான படங்கள் தொடர்ந்தன. சென்னை ஏவி. எம். நிறுவனத்துக்காகக் கிருஷ்ணன் - பஞ்சு நெறிப்படுத்திய 'பாபி' (1957) என்னும் படத்தில் அவர் நடித்தார். 'குலதெய்வம்' என்னும் தமிழ்ப்படத்தின் இந்தி வடிவமாகிய அது மிகுந்த வரவேற்பைப் பெற்றது. ஆயின் இத்தகைய குடும்பக் கதைகளே அவருக்கு அதிகம் வாய்த்தன. சம்புவைப் போன்ற வேடத்தை வணிகத் திரைப்படம் அடிக்கடி நல்குவதில்லை.

இங்கு இரு தடைகளை எழுப்புதல் கூடும். சேத்தன் ஆனந்தின் படம் உரிய காலத்தில் தொடங்கியிருப்பின், சாஹ்னி 1946இலேயே புகழெய்தியிருப்பார் என்றும், இடைப்பட்டவை வெறும் தற்செயல்கள் என்றும் கூறலாம். புகழ் கிட்டியிருக்கலாம், சம்பு கிட்டியிருப்பானா என்பதே ஐயம். ஊர் இழந்த அனுபவமும், சிறையும், கமராவின் முன் அடைந்த அவமானமும் இன்றி, ஜோகேஸ்வரிக் குடியிருப்புக்குச் சென்று மாணவனாக அமரும் பணிவு ஒரு நடிகனுக்கு எளிதில் வந்துவிடாது. தோல்விகள் தாமாகவே ஒருவனை உயர்த்துவதில்லை. எதனைத் தான் அறியவில்லை என்பதனை அவற்றினூடாக உணர்பவனையே அவை உயர்த்துகின்றன.

இரண்டாவது தடை இதனினும் வலியது. றிக்ஷாக்காரரின் துயரம் நடிகருக்குப் புகழாயிற்று. றிக்ஷாக்காரருக்கு என்ன ஆயிற்று? படப்பிடிப்பு முடிந்ததும் நடிகர் பம்பாய் திரும்பினார்; மற்றவர் றிக்ஷாவின் கைப்பிடிகளுக்கிடையே நின்றார். கலை நிலத்தை மீட்டுத் தருவதில்லை. சாஹ்னி இவ்வுண்மையை மறைத்தவரல்லர். அம்மனிதரிடமிருந்து பெற்றதனைப் பெயர் தெரியாத ஒருவருக்குப் பட்ட கடனாகவே அவர் பதிவுசெய்தார். தமது நடிப்பாற்றலின் சான்றாக அதனை அவர் பறைசாற்றவில்லை. படித்தவர் மக்களைப்பற்றிப் பேசும்போது தாமே கொடுப்பவரெனக் கருதுவது வழக்கம். இங்கே கொடுத்தவர் எழுத்தறிவில்லாதவர். பெற்றவர் முதுகலைப் பட்டதாரி. இத்தலைகீழ் மாற்றத்தை ஒப்புக்கொண்டமையே சாஹ்னியின் தொடக்ககால வரலாறு விட்டுச்சென்ற செய்தியாகும்.

1972இல் டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற அவர் அழைக்கப்பட்டார். அரசியல் விடுதலை பெற்றுக் கால்நூற்றாண்டு கழிந்தும் உள்ளம் விடுதலை பெறவில்லை என்பதே அவ்வுரையின் சாரம். மொழியிலும் கலையிலும் பிறரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் மனப்பான்மையை அவர் சாடினார். தாம் சார்ந்த திரைப்படத்துறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. தாகூரின் வினாவை முப்பத்தைந்து ஆண்டுகள் சுமந்து வந்த ஒருவரின் பேச்சு அது.

அடுத்த ஆண்டு ஏப்பிரல் 13ஆந் திகதி அவர் மறைந்தார். எம். எஸ். சத்யுவின் 'கரம் ஹவா' படத்துக்கு முதல்நாளே குரல் கொடுத்து முடித்திருந்தார். பிரிவினையின் பின் ஆக்ராவிலே வீட்டையும் தொழிலையும் உறவினரையும் ஒவ்வொன்றாக இழக்கும் சப்பாத்து உற்பத்தியாளர் சலீம் மிர்சாவாக அவர் அதிலே தோன்றுகிறார். அவர் மறைந்தபின் திரைக்கு வந்த அப்படத்தின் முடிவில், எல்லையைக் கடந்துசெல்லப் புறப்பட்ட அம்முதியவர், வேலையும் நீதியும் கேட்டுச் செல்லும் ஊர்வலமொன்றைக் கண்டு வண்டியை விட்டிறங்கி அதனுடன் கலந்துவிடுகிறார். 1949இல் அத்தகைய ஊர்வலமொன்றே பல்ராஜ் சாஹ்னியைச் சிறைக்கு இட்டுச்சென்றது. திரையில் அவர் கடைசியாக நடந்து சென்றதும் அத்திசையிலேதான்.